சிந்தாமல் இறக்கிய கல்யாணம்

செக்கடிப்பட்டி எண்ணெய்க்கடை அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மூத்தவர் ஏகாம்பரம், அடுத்தவன் சடையாண்டி, கடைக்குட்டி மாசிலாமணி. மாசிலாமணிக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. பாவம், அந்தச் சமயம் பார்த்து மாமியாருக்கு அம்மை போட்டுவிட்டது. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியாமல் வேப்பிலைக்கு நடுவே படுத்துக் கிடந்தார். இன்று சாயங்காலம் அதைக் கம்ப்யூட்டரில் பார்க்க வருகிறார். அத்தை கண் குளிரப் பார்த்துவிட வேண்டுமே என்ற கவலையில் மாசிலாமணிக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

வீடியோக்காரர் தேவசகாயம் கேமராவையும் வயரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு வேறு கல்யாணத்துக்கு ஓடும் அவசரம்.

"இருக்கறது இந்த ஒரு கேசட்தான். வயரைச் சொருகி ஓட விடுங்க, கம்ப்யூட்டருக்குப் போயிரும். டேட்டா ஒரு துளி சிந்தக்கூடாது. சிந்தினா போச்சு."

"டேட்டான்னா என்னங்க?" என்றான் மாசிலாமணி.

"உங்க கல்யாணம்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

சிந்தாமல் இறக்குவதைப் பற்றி எண்ணெய்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? கேமராவைப் பரண்மேல் வைத்தார்கள். கம்ப்யூட்டரைத் தரையில் வைத்தார்கள். வயர் எங்கேயும் வளையாதபடி சடையாண்டி தூக்கிப் பிடித்துக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று அடியில் ஓர் அண்டாவும் வைத்தார்கள். குருட்டு அதிர்ஷ்டம் பாருங்கள், கல்யாணம் முழுக்கப் பழுதில்லாமல் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் டின்னை நிறுத்துப் பார்ப்பது கடை வழக்கம். ஏகாம்பரம் கேமராவைத் தராசில் வைத்தார். முன்னே என்ன எடை இருந்ததோ, அதே எடைதான் காட்டியது.

"இறங்கவே இல்லடா," என்றார்.

கேசட்டைப் பின்னால் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கல்யாணம் அப்படியே உள்ளே இருந்தது. கம்ப்யூட்டரிலும் இருந்தது. மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"டின்னுல எண்ணெய் குறையல. குடமும் நெறைஞ்சிருக்கு. அப்ப குடத்துல இருக்கறது என்ன?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"கலப்படம்," என்றான் சடையாண்டி.

"கலப்படம்னாக்கூடப் பரவால்லண்ணே. ரெண்டுமே அசல்னா, எனக்கு ரெண்டு கல்யாணம் ஆயிருக்கு. அத்தைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்றான் மாசிலாமணி.

"நம்ம கடையில என்னிக்காச்சும் கலப்படம் வெச்சிருக்கமா? கவலைய விடு," என்று சொல்லி, ஏகாம்பரம் கம்ப்யூட்டரில் இருந்ததை அடியோடு அழித்தார். அழிப்பதற்கு மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு கேசட்டை மறுபடியும் முதலுக்குச் சுற்றி, கடைசிச் சொட்டுவரை வடியட்டும் என்று கேமராவை வயரோடு உத்தரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். குழாயைத் திறக்காமல் எப்படி வடியும் என்று சடையாண்டி அதன் சிவப்புப் பட்டனை அழுத்தினான். கேசட் ஓடி முடியும்வரை மூவரும் அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அப்புறம் போட்டுப் பார்த்தால் கேசட்டில் கல்யாணம் சுத்தமாக இல்லை. அண்ணாந்த மூன்று வாய்கள்தான் இருந்தன.

"காலி," என்றார் ஏகாம்பரம் பெருமையாக.

"வாய் வாயாத் தெரியுதேண்ணே," என்றான் மாசிலாமணி.

"அது அடிக்கசடு. கண்டுக்காதே."

கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அங்கேயும் கல்யாணம் இல்லை. அண்டாவில் கைவிட்டுத் துழாவினார்கள். அது காய்ந்து கிடந்தது. மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏகாம்பரம் வெகுநேரம் யோசித்தார். "கேமராவுல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்ல, கீழயும் சிந்தல. அப்புறம் எங்கடா போயிரும்? வயர்லதான் நிக்குது."

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயரை நடுவில் நறுக்கி, வெட்டுவாயை அண்டாவுக்கு மேலே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமியார் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தார். மாசிலாமணி நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். அவர் வயரின் நுனியையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் கடுத்துவிட்டது.

"நல்லாருக்கு மாப்பிள்ளை, உங்க ஏற்பாடு," என்றார். "மொதல்ல அண்டாவை எடுத்துட்டு ஜமுக்காளத்தை விரிங்க. வரப்போறது எங்க வீட்டுச் சனம். பொத்துன்னு அண்டாவுல விழுந்தா, எங்க சித்தப்பா கோவிச்சுக்கிட்டு வந்த வழியே திரும்பிப் போயிருவாரு."