மச்சினன் பிடித்த கயிறு

அந்தக் காலத்தில் தேனீயும் பேசும். கொட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொட்டும். அப்போது செம்மலை உச்சியில் ராசாவின் கோட்டை இருந்தது. அவருக்கு ஆகாதவர்களைக் கோட்டைக்குக் கீழே, செங்குத்துப் பாறையில் குடைந்த குகைகளில் அடைப்பார்கள். வெளிப்பக்கம் கதவு கிடையாது. எதற்குக் கதவு? காலை எடுத்து வைத்தால் பாதாளம்.

தேனெடுக்கும் மாசணனையும் அங்கேதான் போட்டார்கள். குஞ்சிருக்கும் தேனடையையும் சேர்த்து அறுத்து வரச்சொன்னார் ராசா. "குஞ்சைத் தொடமாட்டேன் சாமி" என்றான். அவ்வளவுதான். நாளை விடிந்தால் உருட்டிவிடுவார்கள்.

அவன் பெண்டாட்டி நஞ்சி காட்டுக்கொடியில் வடம் முறுக்கினாள். குகைக்கு மேலே மொட்டைப்பாறை. வடத்தைக் கட்ட ஒரு செடி இல்லை. ஆள்தான் பிடிக்க வேண்டும்.

"நான் பிடிக்கிறேன் அண்ணி" என்று மாசணனின் தம்பி முந்திக்கொண்டான்.

ஒரு மலைத்தேனீ நஞ்சியின் காதருகே வந்தது. "அண்ணன் போனால் அவன் தேன்பாறை யாருக்கு என்று நேற்றே இவன் விசாரித்தான். பார்த்துக்கொள் தாயே."

நஞ்சி வடத்தைத் தூக்கிக்கொண்டாள். தன் அண்ணன் செவணனிடம் ஓடினாள். அவனுக்கும் மாசணனுக்கும் கல்யாணப் பந்தியிலிருந்தே பேச்சில்லை.

"என் கறிக்குழம்பைப் பானை கழுவின தண்ணி என்றானே, அவனுக்கா?"

"அவனுக்கில்லை அண்ணே, எனக்கு. அவன் விழுந்தால் மூணு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நான் வந்து நிற்பது உன் வாசலில்தான். சோறு நீதான் போடணும்."

செவணன் முனகிக்கொண்டே எழுந்தான்.

உச்சி வெயிலில் காவல்காரர்கள் நிழலுக்கு ஒதுங்கியதும் செவணன் வடத்தை இடுப்பில் சுற்றி, குதிகாலைப் பாறை வெடிப்பில் ஊன்றினான். மாசணன் பாதி இறங்கும்போது பார்த்துவிட்டார்கள்.

"விட்டுவிடடா! ஒரு ஊரையே உனக்குத் தருகிறோம்!"

செவணன் அசையவில்லை. ஓர் அம்பு வந்து அவன் தோளில் தைத்தது. கீழே நின்ற நஞ்சி பார்த்தாள். வடம் ஒருமுறை நடுங்கியது. நழுவவில்லை.

"சீக்கிரம் இறங்குடா மாப்பிள்ளை! என் தங்கச்சி ஆக்கிப்போட்டு எருமையாட்டம் கனக்கிறாய்!"

"குழம்பு நல்லாத்தான் இருந்தது மச்சான்!" என்று தொங்கியபடியே கத்தினான் மாசணன்.

"இனிச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை" என்று பாறைத் தேனீ மொத்தமும் கிளம்பியது. காவல்காரர்கள் வாள், சாவி எல்லாம் போட்டுவிட்டு ஓடினார்கள். ராசா தலைப்பாகையைக்கூட எடுக்காமல் ஓடினார். மாசணன் தரையில் கால் வைத்தான். நஞ்சி சாவியை எடுத்துப் போய் உட்கதவுகளைத் திறந்துவிட, குகைகளில் கிடந்தவர்கள் கூவிக்கொண்டு கோட்டை வாசல் வழியாகவே வெளியே வந்தார்கள்.

அன்று முதல்தான் தேனீ சொல்லாமல் கொட்டுகிறது. தேன்பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பவனும் கூடப்பிறந்தவன் இல்லை, மச்சினன்தான். முகம் பார்த்துப் பேசாத மச்சினனாக இருந்தாலும் சரி.