ஆறாம் பக்கத்துப் பசை

நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்த நல்லசிவம், அறுபத்தாறாம் வயதில் ஒரு பாலர் பள்ளிக்குப் பாடம் கேட்கப் போனார். உடன் இருந்த மாணவர்களில் ஒருவருக்கும் நான்கு வயது நிரம்பவில்லை. குருவான ஜெபக்கனி டீச்சருக்கு முப்பத்தொன்று.

காரணம் அதே பள்ளியில் படித்த பேத்தி ஆதிரை. அவளுடைய தாய், நல்லசிவத்தின் ஒரே மகள், நான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்றிலிருந்து குழந்தை ஒருமுறைகூட அழவில்லை. தட்டை வீசினாள். ஆட்களைக் கடித்தாள்.

“படக்கதை குழந்தையின் துக்கத்தை ஆற்றும் என்று எட்டு நூல்களில் படித்தேன். எப்படி ஆற்றும் என்று ஒன்றிலும் தெளிவில்லை,” என்றார் நல்லசிவம். பேச்சிலும் அச்சுத் தமிழை விடாதவர் அவர்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். தாயை இழந்த யானைக்குட்டியின் கதை.

“மடியில உக்கார வெச்சு தினமும் வாசிங்க சார். ஒரு வாரம் கழிச்சு வாங்க.”

ஒரு வாரம் கழித்து வந்தார். மணிக்கட்டில் சின்னப் பல்வரிசை பதிந்திருந்தது.

“பயனில்லை டீச்சர். தவிர, நூலில் ஒரு பிழை. பெண் யானைக்குத் தந்தம் வரைந்திருக்கிறார்கள்.”

“அதுக்கா கடிச்சா?”

நல்லசிவம் சிரிக்கவில்லை.

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள். நடுவில் ஒரு தாள் மட்டும் தடிமனாக, விறைப்பாக நின்றது.

“இது என்ன சார்?”

“மைதாப் பசை. குட்டி ஆற்றங்கரைக்கு வருகிறது, அங்கே தாய் இல்லை. அந்த இடம் வந்தாலே இவள் என் வாயைப் பொத்திவிடுகிறாள். ஆகவே ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். ஐந்தில் தேடப் போகிறது, எட்டில் கூட்டத்தோடு தூங்குகிறது. கதை குலையவில்லை.”

“அப்புறம்?”

“ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டுகிறாள். தடுத்தால் கடி.”

“வீட்டுல அம்மாவைப் பத்திப் பேசுவீங்களா?”

“படத்தைக்கூடப் பீரோவில் வைத்துவிட்டேன். குழந்தை முன்னால் நான் ஒருநாளும் கலங்கியதில்லை.”

டீச்சர் ஆதிரையைக் கூப்பிட்டு, விறைத்த தாளைக் காட்டினாள்.

“இதுக்குள்ள என்ன இருக்கு, கண்ணு?”

ஆதிரை தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீச்சரின் காதில், அறை முழுக்கக் கேட்கும் ரகசியமாகச் சொன்னாள்: “அதுல தாத்தா அழும்.”

“நான் அழவில்லை. குரல் சற்றே...” என்று தொடங்கினார் நல்லசிவம். அந்த வாக்கியத்துக்குப் பயனிலை கிடைக்கவில்லை.

டீச்சர் துணியை நனைத்து, தாளின் ஓரத்தில் ஒற்றி, மெல்லப் பிரித்தாள். பாதி ஆறு பசையோடு போய்விட்டது. கரையில் குட்டி மட்டும் நின்றது. புத்தகத்தை அவர் கையில் வைத்து, ஆதிரையைத் தூக்கி அவர் மடியில் உட்கார்த்தினாள்.

குழந்தையின் கை பழக்கப்படி எழுந்து அவர் வாயைப் பொத்தியது.

விரல்களுக்குள்ளிருந்தே கேட்டார்: “நான் அழுதால் இந்தப் பிஞ்சு தாங்குமா டீச்சர்?”

“நாலு மாசமா அவதானே சார் உங்களைத் தாங்குறா. இனியாவது கொஞ்சம் கையை இறக்கட்டும்.”