பாதி மீசையும் வலிக்காத சாவும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பாதி மீசை போயிற்று.

தப்பு ராஜாவுடையதுதான். நாவிதர் வேலாண்டி மீசை ஓரத்தில் கத்தியை வைத்த நேரம் பார்த்து ராஜா தும்மினார். இடப்பக்க மீசை மடியில் விழுந்தது. கண்ணாடியைப் பார்த்ததும், "இவனுக்கு மரண தண்டனை!" என்று கத்திவிட்டார்.

கத்திய பிறகு மனசு கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் தன் கழுத்தருகே கத்தி பிடித்தும் ஒரு கீறல் போடாத மனிதர். ஆனால் கட்டளையைத் திரும்ப வாங்கினால் சபை சிரிக்குமே என்று பயம். மீதி மீசையையாவது எடுத்துவிடலாம் என்றால், சேதி கேட்ட மற்ற நாவிதர்கள் எல்லாரும் ஊரை விட்டே ஓடிப்போயிருந்தார்கள்.

மறுநாள் சபையில் ராஜா விசிறியால் முகத்தை மறைத்தபடி அறிவித்தார்.

"தண்டனை உண்டு. ஆனால் வலி கூடாது. வலியே இல்லாத முறை ஒன்றைச் சொல்லுங்கள்."

பேசும்போது விசிறி சற்று இறங்கிவிட்டது. சபை பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"பாதி மீசைதான் தங்களுக்கு எடுப்பு, பிரபு" என்றார் மந்திரி நீலகண்டர்.

"வீரம் இரட்டிப்பாகத் தெரிகிறது" என்றார் தளபதி.

"உடம்புக்கும் நல்லது. மூக்கில் காற்று தாராளமாகப் போகும்" என்றார் அரண்மனை வைத்தியர்.

விகடகவி சிட்டப்பன் மட்டும் வேலாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு காவலர் நடுவே நின்ற அவருடைய கைகள் வெறும் காற்றில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தன. பயம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

விவாதம் தொடங்கியது.

"வாள்தான் பிரபு" என்றார் தளபதி. "கண் இமைப்பதற்குள் முடியும். கொசுக்கடி இதைவிட வலிக்கும்."

"கழுத்தை வெட்டுவது கொசுக்கடியா?" என்று வைத்தியர் எழுந்தார். "என் சூரணம் தேனில் குழைத்தது. தூங்குவதுபோல் போய்விடுவான்."

"போன வருஷம் உம்முடைய தூக்க மருந்தைத் தின்ற பட்டத்து யானை மூன்று நாள் நிற்காமல் ஓடிற்றே!"

"அது யானையின் உடல்வாகு!"

மந்திரி தொண்டையைச் செருமினார். "மலை உச்சியிலிருந்து தள்ளலாம். நல்ல காற்று, நல்ல காட்சி. கீழே வந்து சேரும்வரை வலி என்பதே கிடையாது."

ராஜா குழம்பிப்போனார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் விகடகவிக்கு ஆசனம் போட்ட நாளிலிருந்து மந்திரிக்கு வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"சிட்டப்பனே முடிவு செய்யட்டும் பிரபு. வாளா, மருந்தா, மலையா? அவன் தேர்ந்தெடுக்கும் முறையில் நாவிதன் 'ஐயோ' என்றால், அடுத்தது சிட்டப்பனுக்கும் அதே முறை."

அதுவரை அடித்துக்கொண்ட மூவரும் இதற்கு மட்டும் சேர்ந்து தலையாட்டினார்கள். ராஜாவும் "சரி" என்றுவிட்டார்.

சிட்டப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எதைச் சொன்னாலும் இரண்டு பிணம். அந்த நேரத்தில் சமையற்காரர் பாயசத்தோடு வந்தார். புதுப் பக்குவம் என்றார். சபை நடுவே ஒரு கரண்டி தாமே குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை ராஜாவிடம் நீட்டினார்.

சிட்டப்பனுக்கு மூச்சு வந்தது.

"பிரபு, ஒரு சந்தேகம். பாயசத்தை இவர் ஏன் முதலில் குடித்தார்?"

"தெரியாதா உனக்கு? புதிதாக எது சபைக்கு வந்தாலும், கொண்டுவந்தவன்தான் முதலில் அனுபவித்துக் காட்டவேண்டும். தாத்தா காலத்துச் சட்டம். ராணிக்கு ஊஞ்சல் செய்த தச்சன் நூறு தடவை ஆடிக்காட்டி மயங்கி விழுந்தானே!"

"இன்று மூன்று புதுச் சரக்கு வந்திருக்கிறது, பிரபு. கொண்டுவந்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள்."

சபையில் பாயசம் ஆறும் சத்தம்கூடக் கேட்கும்போல் இருந்தது.

தளபதி முந்திக்கொண்டார். "யோசித்துப் பார்த்தால் வைத்தியர் சூரணத்துக்கு ஈடே இல்லை. தேன் வேறு! என் வாள் துருப்பிடித்தது."

"சேச்சே, நான் நேற்று வந்தவன்" என்றார் வைத்தியர். "மந்திரியாரின் மலைதான் உத்தமம். காற்று எவ்வளவு நல்லது!"

"எனக்கு உயரம் என்றால் தலைசுற்றும்" என்றார் மந்திரி. அவருக்கு இப்போதே சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு அவசரமில்லை" என்றான் சிட்டப்பன். "மூவரில் ஒருவர் போய், திரும்பி வந்து, 'வலிக்கவில்லை' என்று தன் வாயால் சொன்னால் போதும். அந்த நிமிஷமே அந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறேன்."

"செத்தவன் எப்படியப்பா வந்து சொல்வான்?" என்றார் ராஜா.

"அப்படியானால் வலிக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள், பிரபு?"

ராஜா திரும்பி வேலாண்டியின் கைகளைப் பார்த்தார்.

சிட்டப்பன் குரலைத் தாழ்த்தினான். "கட்டளையை மாற்ற வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும். சாட்சி வந்ததும் நிறைவேற்றலாம். அதுவரை வேலாண்டி தன் வேலையைப் பார்க்கட்டும்."

ராஜாவின் வயிறு குலுங்கியது. விசிறி கீழே விழுந்தது. பாதி மீசை துடிக்கத் துடிக்கச் சிரித்தார். வேலாண்டியை விடுவிக்கச் சொல்லிவிட்டு, தந்தப் பிடி போட்ட அந்த விசிறியை எடுத்துச் சிட்டப்பன் கையில் கொடுத்தார்.

"இனி எனக்கு இது தேவையில்லை. வேலாண்டி, வா, மீதியையும் எடுத்துவிடு."

சிட்டப்பன் விசிறிக்குப் பின்னால் லேசாக இருமினான். "எடுப்பதற்கு முன்னால் ஒன்று, பிரபு. பாதி மீசை எடுப்பு, வீரம், ஆரோக்கியம் என்று காலையில் மூன்று பேர் கொண்டுவந்தார்களே. அதுவும் புதுச் சரக்குதானே?"

ராஜா இன்னொரு தடவை சிரிக்கத் தொடங்கினார். மந்திரி, தளபதி, வைத்தியர் என்று வரிசையாக மூன்று மணை போடப்பட்டது. வேலாண்டியின் கையில் நிஜக் கத்தி வந்ததும் காற்றில் தீட்டுவது நின்றுவிட்டது.

அவர் மந்திரி முன்னால் மரியாதையாகக் குனிந்தார்.

"தும்மல் வந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சாமி."