மூணாவது கம்பி

குடிச்சிட்டு வாசிச்சானா? யாருடி சொன்னா உனக்கு?

மாதா திருவிழா மேடையில டைட்டஸ் ஒரு சொட்டு குடிச்சிருந்தா என் நாக்கு அழுகிப்போகட்டும். கிட்டார்ல அஞ்சு கம்பியத் தொடாம, ஒத்தக் கம்பியில லீட் வாசிச்சான். வாஸ்தவம். சனம் சிரிச்சுச்சு. பாட்டுக் குழு மாஸ்டர் கிட்டாரப் பிடுங்கிட்டு எறக்கி விட்டாரு. அதுவும் வாஸ்தவம்.

குடிச்சது மட்டும் பொய்.

ஏன் அப்படி வாசிச்சான்னு தெரியணும்னா மாவு மில்லுல நடந்ததக் கேக்கணும். உக்காரு.

திருவிழாவுக்கு மூணு வாரம் இருக்கும்போது டைட்டஸ் கிட்டாரத் தூக்கிக்கிட்டு இஞ்ஞாசியோட மில்லு வாசல்ல போய் நின்னான்.

"இஞ்ஞாசி, எனக்கு லீட் வர மாட்டேங்குது."

இஞ்ஞாசி மிஷின்ல அரிசியக் கொட்டிக்கிட்டிருந்தான். திரும்பல.

"பதினோரு வருஷமா லீட்தான வாசிக்கிறீங்க."

"கட்டம் வருதுடா. லீட் வரல."

கட்டம்னா என்னன்னு கேக்காத, சொல்றேன். எந்த ஸ்கேலுக்கு, அதான் சுர வரிசைக்கு, எந்த வெரல எங்க வைக்கணும்னு தாள்ல புள்ளி வச்சுப் போட்டிருக்கும், கோலம் மாதிரி. மொத்தம் அஞ்சு கட்டம். டைட்டஸ் அத பீரோ கண்ணாடியில ஒட்டி வச்சு மனப்பாடம் பண்ணவன். அவன் பொண்டாட்டி ஆரோக்கியம் அந்தக் கண்ணாடியில தல வாரினா மூஞ்சி பூரா புள்ளியா தெரியும். அவ கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பீரோ அது. லாரியில ஏத்தும்போதே ஒரு கால் ஒடிஞ்சு, செங்கல்லு முட்டுக் குடுத்து... சரி, அது கெடக்கட்டும்.

பாட்டுக்கு நடுவுல மாஸ்டர் கையக் காட்டுவாரு. பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுத்து, சொந்தமா வாசிக்கணும், அதுதான் லீட். டைட்டஸ் வெரல் நேரா கட்டத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். எந்தப் பாட்டுக்கும் அதேதான். ட்ரம்ஸ் அடிக்கிற ஹமீது ஒரு நொடி முன்னாடியே வாயால வாசிச்சுக் காட்டுவான்.

"டிவ்விட்டி டிவ்விட்டி டொய்ங்."

கிட்டார்லயும் அதே வரும். டிவ்விட்டி டிவ்விட்டி டொய்ங். கோரஸ் பொண்ணுங்க முந்தானையால வாயப் பொத்திக்கும்.

மாஸ்டர் சொல்லிட்டாரு. "திருவிழாவுலயும் டொய்ங்தான்னா, கிட்டார அங்கயே வச்சிட்டு எறங்கிடு."

சரி, அதுக்கு ஏன் இஞ்ஞாசிகிட்டப் போகணும்? அந்த லீட் எடமே இஞ்ஞாசியோடதுடி. பதினோரு வருஷம் முன்னாடி, இதே திருவிழா மேடையில, இஞ்ஞாசி லீட் கண்ணராவியாப் போச்சு. குடிகாரன்னு சொல்லி எறக்கிட்டாங்க. அதுவரைக்கும் பின்னாடி நின்னு பாட்டுக்குத் துணையா கார்டு அடிச்ச டைட்டஸ் மறுவாரம் முன்னாடி வந்து நின்னான்.

இஞ்ஞாசி அப்பன் விட்டுட்டுப் போன மில்லுல வந்து உக்காந்தவன்தான். ஆனா சுத்துவட்டாரத்துல சொந்தமா வாசிக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். டைட்டஸ் வேற எங்க போவான்?

"சொல்லித் தருவியா?"

இஞ்ஞாசி கையத் தொடச்சிக்கிட்டு கிட்டார வாங்கினான். மிஷினுக்குக் கீழ கெடந்த கட்டிங் பிளேயர எடுத்தான்.

டக். டக். டக். டக். டக்.

அஞ்சு கம்பி சுருண்டு தொங்குச்சு.

"டேய்! புதுக் கம்பிடா அது!"

"மூணாவது இருக்குல்ல. வாசிங்கண்ணே."

"ஏன் மூணாவது?"

"வாசிங்க."

ஒத்தக் கம்பியில கட்டம் ஏது? டைட்டஸ் வெரலுக்குப் போக வீடு தெரியல. மேல போகும், நிக்கும், திரும்ப வரும். மொளகா அரைக்க வந்த லூர்து அக்கா ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துச்சு.

"என்ன தம்பி, கொசு அடிக்கிறியா?"

லூர்து அக்கா வாய் அப்படி. அது மாமியார் சாவு வீட்டுல, அழுதுக்கிட்டிருந்தவளப் பாத்து... வேணாம், அது பெரிய கத.

ஒரு வாரம் போச்சு. இஞ்ஞாசி சொன்னான், "மொதல்ல பாடுங்க. அப்புறம் அத வாசிங்க."

மில்லு மோட்டார் ஒரே சுருதியில ஓடிக்கிட்டிருந்துச்சு. டைட்டஸ் கண்ண மூடிக்கிட்டுப் பாடினான்.

"டிவ்விட்டி டிவ்விட்டி..."

"அது ஹமீது பாடுறது. நீங்க பாடுங்க."

டைட்டஸ் வாயத் தொறந்தான். தொறந்தபடியே நின்னான். ஒண்ணும் வரல. நாப்பத்தாறு வயசு ஆம்பளைக்கு, பாடச் சொன்னா உள்ள ஒண்ணுமில்ல. அன்னைக்கு வீட்டுக்குப் போய் சோறு திங்கலன்னு ஆரோக்கியம் சொன்னா.

இன்னும் பத்துப் பதினோரு நாளும் அப்படியே போச்சு. திருவிழாவுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு.

"இஞ்ஞாசி, நான் மாஸ்டருக்கு என்னடா பதில் சொல்றது?"

"எனக்கு ஒரு பதில் சொல்லுங்க மொதல்ல. அன்னைக்கு மேடையில எனக்கு என்னண்ணே ஆச்சு?"

டைட்டஸ் யோசிக்கவே இல்ல. "நீ குடிச்சிருந்த. மாஸ்டர்தான் எறக்குனாரு. நான் உனக்காக எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

பதினோரு வருஷமா கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னது அது. மூச்சு வாங்குற எடம்கூட மாறாது.

இஞ்ஞாசி தலைய ஆட்டினான்.

"இது ஆறாவது கட்டம்."

மோட்டார நிறுத்தினான்.

காது அடைச்ச மாதிரி இருந்துச்சு டைட்டஸுக்கு. வரிசையில நின்ன பொம்பளைங்க டப்பாவ வச்சிக்கிட்டு இவனையே பாத்தாங்க. வெரலு தானா கம்பி மேல போச்சு, பிடிச்சுக்க ஒண்ணுமில்லாதவன் மாதிரி.

"நீ... தண்ணி குடிக்கப் போன."

இஞ்ஞாசி மிஷின் மேல கையூனிக்கிட்டு நின்னான்.

"கிட்டார் ஸ்டாண்டுல இருந்துச்சு. நான்... ஒம்பது வருஷம்டா. ஒம்பது வருஷம் உன் முதுகையே பாத்துக்கிட்டு..."

பெறகு மெதுவா சொன்னான்.

"கம்பித் திருகாணிய எல்லாம் திருகி விட்டுட்டேன். நீ வந்த ஒடனே மாஸ்டர் கையக் காட்டிட்டாரு. உனக்கு சுருதி பாக்க நேரமில்ல."

"குடிச்சிருந்தேன்னு சொன்னது?"

"நான்தான். எனக்கு... வேற ஒண்ணும் தோணல."

லூர்து அக்கா காறித் துப்புச்சு.

இஞ்ஞாசி மூஞ்சியில மாவு அப்பிக் கெடந்துச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னு டைட்டஸால பாக்க முடியல.

"இப்ப வாசிங்க."

டைட்டஸ் வாசிச்சான். ஒரு இழுப்பு. அது எறங்கி எறங்கி, ஒரு எடத்துல போய் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல. எந்தக் கட்டத்துலயும் அது கெடையாது.

"போதும் நிறுத்துப்பா," லூர்து அக்கா சொல்லுச்சு. "மொளகா இன்னும் அரைக்கவே இல்ல, கண்ணு எரியுது."

டைட்டஸ் நிறுத்தினான். மூஞ்சியத் தொடச்சிக்கிட்டான்.

"வந்துருச்சாடா?"

"வந்துருச்சு. இனிமே இங்க வராதீங்க."

டைட்டஸ் வாசல் வரைக்கும் போனான். அங்க நின்னு கிட்டாரப் பாத்தான். சுருண்டு தொங்குற அஞ்சு கம்பி, நடுவுல ஒண்ணு.

"ஏன்டா மூணாவது?"

இஞ்ஞாசி லூர்து அக்கா டப்பாவ வாங்கி மொளகாயக் கொட்டினான்.

"எல்லாத்தையும் திருகலண்ணே நீங்க. அவசரத்துல அது ஒண்ண விட்டுட்டீங்க. அந்தப் பதினாறு பாரும் நான் அதுலதான் வாசிச்சேன்."

மோட்டாரப் போட்டான்.

மேடையில டைட்டஸ் தொட்டது அந்த மூணாவதத்தான், இப்பச் சொல்லு, அது குடிச்சவன் வாசிப்பா?

ஏ ஜெசி! எந்திரி, தூத்தல் போடுது பாரு, மாடியில காயிற மொளகாய அள்ளி உள்ள கொண்டா. நாளைக்கு இஞ்ஞாசி மில்லுக்குக் குடுத்தனுப்பணும்.