ஏழாம் எண் அறை

ஒரு மடிக்கணினிக்குள் கெர்னல் என்றொரு வீட்டுக்காரர் இருந்தார். நிரல்களுக்கு நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுப்பதும், முறை வைத்து அவற்றிடம் வேலை வாங்குவதும் அவர் பொறுப்பு. அவரை உருவாக்கியவள் சுலைகா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அதனால் கணினிக்குள்ளும் அந்த ஊர்ப் பேச்சுத்தான்.

கெர்னலுக்குச் சொந்தமாக எட்டு அறைகள். அவர் எப்படி நடக்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அறைச் சுவர்களில்தான் எழுதியிருந்தது. ஆரம்பத்தில் எந்த அறைக்கும் கதவில்லை. யார் வேண்டுமானாலும் நுழைந்து கிறுக்கலாம். கிறுக்குவதில் கெட்டிக்காரன் சுட்டி. பாம்பு விளையாட்டில் பாம்பின் வால் எங்கே இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான் அவன் உத்தியோகம். ஆனால் அவன் கை நீளாத இடமில்லை. மூன்று முறை சுவரில் கிறுக்கிக் கெர்னலைக் குப்புறத் தள்ளியிருக்கிறான்.

பொறுத்துப் பார்த்த சுலைகா, காவல் என்றொருவரை நியமித்தாள். அவர் மீசைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒன்றுதான்: கெர்னலின் சுவரைப் படிக்கலாம், எழுதக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறைகளை எண்ணிப் பூட்டை இழுத்துப் பார்த்து, திரையில் ஒரு வரி எழுதுவார். அந்த வரியைச் சுலைகாதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். கொஞ்சம் திமிரான வரி.

"ஏழு அறைகளும் பூட்டு. வழக்கம்போல."

அறை எட்டு, பூட்டு ஏழு. நான்கு நாளாக இது திரையில் வந்துகொண்டே இருந்தது. சுலைகாவின் கண்ணில் படவில்லை.

நான்கு நாள் கணக்கு எட்வின் சார் போட்டது. அவர் பேராசிரியர். "நிறுத்திட்டுத் திருத்த யாருக்கும் தெரியும். ஓட ஓடத் திருத்திக் காட்டணும். திங்கக்கிழமை ஓட விடு, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பாப்பேன். நடுவுல ஒரு தடவ நின்னாலும் அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போகும்போது, தான் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டி வரும் என்பதுதான் சுலைகாவின் பயம்.

வெள்ளிக்கிழமை காலை, விடுதி உணவுக்கூடத்தில் அறைத்தோழி சொர்ணம் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் மெக்கானிக்கல்காரி.

"ஏட்டி, எட்டு ரூம்னுல்லா சொன்ன? உன் ஆளு ஏழுன்னு எழுதுதாரு."

"நாங்க பூஜ்யத்துல இருந்து எண்ணுவோம்ட்டி. பூஜ்யத்துல ஆரம்பிச்சா ஏழுல முடியும். நட்டு போல்ட்டு எண்ணுதவளுக்கு இது புரியாது."

சொர்ணம் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள். சண்டைக்குப் போகவில்லை. "எனக்கு என்னத்தட்டி தெரியும். அந்த ஏழாம் நம்பர் ரூம்தான் எப்படிப் பூட்டியிருக்குன்னு காமியேன், பாத்துக்கிடுதேன்."

நன்றாக மூக்குடைக்கலாம் என்று சுலைகா ஏழாம் எண் அறையைத் திறந்து காட்டப் போனாள். அங்கே திறக்க எதுவும் இல்லை. பூட்டே இல்லாமல் பப்பரப்பா என்று கிடந்தது. நல்லவேளை, அது இன்னும் சுட்டியின் கண்ணில் படவில்லை. 'ஏழு வந்தால் திரும்பு' என்று காவலுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவர் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை பார்த்துவிட்டு, ஏழு வந்ததும் சொன்ன சொல் தவறாமல் திரும்பிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, பூட்டு எங்க?" என்றாள் சொர்ணம்.

"சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, பாதி இட்லியோடு சுலைகா ஆய்வகத்துக்கு ஓடினாள்.

மணி ஒன்பதே முக்காலுக்குப் பேட்ச் பிறந்தான். ஓடுகிற நிரலில் இருக்கும் தப்புக்கு ஒட்டுப் போடுகிற ஒல்லியான ஆள். அவன் கையில் இருந்தது ஒரே ஒரு எண், எட்டு. மூன்றாம் எண் அறைச் சுவரில் காவலின் சட்டம் எழுதியிருக்கிறது. அதில் ஏழை அழித்து எட்டை வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் கதவத் தொறங்க. சுவத்துல ஒரு எண்ணு மாத்தணும்" என்றான்.

"எழுதவா வந்திருக்கீரு? நடையக் கட்டும்வே" என்றார் காவல்.

"சட்டத்துலயே தப்பு இருக்கு அண்ணாச்சி. அதத் திருத்தத்தான்."

"என் சட்டத்துல தப்பா? அத எழுதுனது யாரு?"

"சுலைகா."

"உம்ம அனுப்புனது யாரு?"

"அவதான்."

"அப்போ அவளும் அவளும் பேசி முடிச்சிட்டு வரச் சொல்லும்."

உள்ளேயிருந்து கெர்னல் கெஞ்சினார். "ரெண்டு நொடிதானவே, கதவத் திறந்துதான் வையுமேன்! நான் நின்னு போனா பிள்ள படிப்பு என்ன ஆகும்?"

காவல் பேட்சின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஓர் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நீ யாருலே?"

"நானும் பேட்ச்தான் அண்ணாச்சி" என்றான் சுட்டி.

கதவு அசையவில்லை.

வெளியே திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. சுலைகாவின் விரல் காவலையே அணைத்துவிடும் கட்டளைமேல் போய் நின்றது. ஒரு நொடி எல்லாக் கதவும் திறந்தால் போதும், சுட்டி உள்ளே பந்தியே போட்டுவிடுவான். விரலை எடுத்தாள். எண்ணுவதில்தான் மனுஷன் மோசம், கதவை மூடி வைப்பதில் அவரிடம் ஒரு குறையும் இல்லை.

ஆகவே அவள் கதவைத் தொடவில்லை. அதே மூன்றாம் எண் அறைக்குப் பின்பக்கம் இன்னொரு வாசல் வைத்தாள். பேட்ச் கண்ணுக்கு மட்டும் தெரியும் வாசல். வேலை முடிந்ததும் மறைந்துவிடும்.

காவல் அப்போது எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு, அஞ்சு, ஆறு..."

"எல்லாரும் ஒரு கணம் நில்லுங்க!" என்றார் கெர்னல். எல்லாரும் சிலையானார்கள். காவல் தூக்கிய கால் தூக்கியபடி நின்றார். பேட்ச் பின்வாசலில் நுழைந்து, ஏழை எடுத்து எட்டை வைத்து வெளியே வந்தான். வாசல் மறைந்தது. காவலின் கால் தரையில் விழுந்தது.

"...ஏழு" என்றார் காவல். ஏழாம் எண் அறையைப் பூட்டினார். எட்டு வந்ததும் திரும்பினார்.

"அண்ணாச்சி, இந்த ரூம் புதுசா?" என்றான் பேட்ச்.

"புதுசா? நாலு நாளா நான்தானவே இதுக்குக் காவல்!"

"நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

பதினோரு மணிக்கு எட்வின் சார் வந்து, முதல் காரியமாகப் பாம்பு விளையாட்டைத் தட்டினார். வால் நீண்டது. சுட்டியின் கை ஏழாம் எண் அறைச் சுவருக்கு நீண்டது. காவல் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே போட்டார். விளையாட்டு மட்டும் விழுந்தது. கெர்னல் விழாமல் ஓடிக்கொண்டே இருந்தார்.

"காலைல ஒட்டுப் போட்டிருக்க போல. நல்லா இருக்கு. தப்பக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார் சார், திருத்தக் குறிப்பைப் பார்த்து.

வாசலில் சொர்ணம் நின்றிருந்தாள். மீதி இட்லியை டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும் சார்" என்றாள் சுலைகா.

சரியாக அப்போது திரையில் ஒரு வரி வந்தது.

"எட்டு அறைகளும் பூட்டு. வழக்கம்போல."

சார் அந்த வரியைப் படித்தார். மேலே நகர்த்தி, நான்கு நாளாக வந்த ஏழுகளையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சுலைகாவைப் பார்த்தார்.

"காவலுக்கு ஒட்டுப் போட்டாச்சு. அத எழுதுன ஆளுக்கு?"

"அதுவும் காலைல இட்லி திங்கும்போதே போட்டாச்சு சார்" என்றாள் சொர்ணம், டப்பாவை மேசையில் வைத்தபடி. "அவளுக்கு இன்னும் தெரியாது."