எண்பதில் ஒன்று

துருத்தியை அழுத்திக்கொண்டே செங்கோடன் கேட்டான்.

"சாமி, இந்தப் பாதரசம் ஏன் தங்கமாக மாட்டேங்குது?"

காலேஜ் சாமி கீழாநெல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். காலேஜில் ரசாயனம் படித்துவிட்டு மலையேறி வந்தவர். அந்தப் பேர் அப்படி வந்ததுதான். சீடனான செங்கோடனைவிட வயதில் சின்னவர் என்பதால் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"கந்தகத்தோட சேர்த்தீங்களே, என்ன ஆச்சுங்கண்ணா?"

"செக்கச்செவேல்னு பொடியாச்சு. அடுத்தது தங்கந்தான்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"இன்னும் சூடேத்தினேன். பழையபடி பாதரசமா உருண்டு வந்து நிக்குது. ஊர்சுத்திட்டு வீட்டுக்கு வந்த பூனையாட்டம்."

"வெளிய வாங்க."

குடிசைக்கு முன்னால் ஒரு தேரே திரும்பலாம், அத்தனை பெரிய வெளி. சாமி அதன் நடுவில் போய்க் குனிந்து எதையோ வைத்தார். செங்கோடன் மண்டியிட்டுத் தேடித்தான் பார்க்க முடிந்தது. ஒற்றைக் கடுகு.

"இந்த வெளி முழுக்கப் பாதரசத்தோட ஒரே ஒரு அணுன்னு வெச்சுக்குங்க. இதுக்குள்ள எண்பது எலக்ட்ரான் சுத்துது. கந்தகம் வந்து கைகோத்தது ஓரத்துல இருக்கிற ரெண்டோடதான். உங்க நெருப்பு விளையாடுறதும் அங்கதான். நடுவுல இருக்கிற கடுகை நெருப்பு தொடாது."

"கடுகுக்குள்ள என்ன இருக்கு?"

"நியூட்ரான் நூத்திச் சொச்சம். புரோட்டான் எண்பது."

"தங்கத்துக்கு எத்தனை புரோட்டான்?"

"எழுபத்தொன்பது."

செங்கோடன் துள்ளி எழுந்தான்.

"ஒண்ணா? ஒரே ஒண்ணுதான் வித்தியாசமா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வெளியைச் சுற்றி ஓடினான். குதித்தான். கடுகுப் பக்கம் மட்டும் கால் வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணைப் புடுங்கினாத் தங்கம்! ஒண்ணே ஒண்ணு!"

"இன்னும் எதைப் புடுங்கப் போறீங்க?"

குரல் மலைப்பாதையிலிருந்து வந்தது. அவன் பெண்டாட்டி பாவாயி, வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தாள். ஒரு காதில் தோடு. இன்னொரு காதில், ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க, விளக்குமாற்று ஈர்க்கு. அந்தக் காதுத் தோட்டை, பாதரசத்தில் போட்டுத் தங்கம் விளைவிக்க விதைத் தங்கம் வேண்டுமென்று செங்கோடன் வாங்கி வந்து மடியில் முடிந்து வைத்திருந்தான்.

"தோட்டைக் குடுங்க. இல்லைன்னா நீங்க ஊட்டுக்கு வாங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சாகோணும்."

"அடியே, இங்க வா!"

கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கடுகைக் காட்டினான். வெளி, ஓரம், நடு, எண்பது, எழுபத்தொன்பது என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினான். அவன் கை நடுங்கியது. பாதரசப் புகையால் வந்த நடுக்கம் பழசு. சந்தோஷத்தில் அது இன்னும் கூடிவிட்டது.

பாவாயி கடுகைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"இருக்கிற இடந்தான் தெரிஞ்சுபோச்சே. எடுத்துற வேண்டியதுதானுங்களே?"

"நெருப்பு தொடாதாமா."

"தொடலைன்னாச் சுத்தியல்ல ஒண்ணு போடுங்க."

சாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியும் அடிச்சுப் பார்த்துட்டாங்கக்கா. பெரிய பெரிய மெஷின் வெச்சு அடிச்சாங்க. வந்த தங்கம் கண்ணுக்கே தெரியலை. மெஷின் செலவுதான் தெரிஞ்சுது."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க சாமி. இந்த மனுசன் இப்பிடிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனையோ காலமாச்சு."

மற்றக் காதுத் தோட்டையும் திருகிக் கழற்றினாள். அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இதையும் போட்டுப் பார்த்துட்டு வாங்க. நான் உக்காந்திருக்கேன்."

குடிசை வாசலில் கிடந்த விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை ஒடித்து, அந்தக் காதிலும் செருகிக்கொண்டாள்.

செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா சாமி! பாதரசமாட்டம் நிலைகொள்ளாம வந்தா. ஒரு நொடியில தங்கமா மாறிட்டா!"

சாமி குனிந்து அந்தக் கடுகை எடுத்தார். அவன் உள்ளங்கையில், தோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா மாறலைங்கண்ணா. நடுவுல இருக்கிறதை நெருப்பு தொடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்."

செங்கோடன் முதல் தோட்டை எடுத்துக் கொடுக்க மடி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நடுங்குகிற விரலுக்கு அது பிடிபடவில்லை. பாவாயிதான் எழுந்து வந்து அவிழ்த்துவிட்டாள்.