பத்தாவது தப்பு

புன்னைத்துறை என்று ஒரு கடற்கரை ஊர். ஆண்டவன் கொடுத்த மூளையைச் செலவழிக்காமல் புத்தம் புதிதாக வைத்திருந்த மூன்று சினேகிதர்கள் அங்கே இருந்தார்கள்: ரெமி, இஞ்ஞாசி, கஸ்பார். கெட்டவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். அதுதான் தொல்லை.

ரெமிக்கு ஜெசிந்தாவைக் கட்டிக்கொள்ள ஆசை. ஜெசிந்தாவுக்கும் ஆசைதான். நடுவில் நின்றவர் அவளுடைய அப்பா மச்சாது. சரக்குக் கப்பலில் சரங்காக, அதாவது மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்து, அவர்களை அதட்டியே தொண்டை பெருத்து, ஓய்வு பெற்று வந்த மனிதர். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

“நான் வேலை பார்த்த கப்பலைச் சின்னதா செஞ்சு கொண்டுவால. துருவோட செய்யணும். எங்க கப்பல்ல துரு இல்லாத இடம் சமையக்காரன் சட்டி மட்டுந்தான். மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள வரலைன்னா, துபாய் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்.”

மூவரும் டவுனில் மாடல் கிட் விற்கும் மீரான் பாய் கடைக்குப் போனார்கள். அவர் ஒரு கப்பல் பெட்டியையும், பசையையும், துரு நிறச் சாயம் ஒரு பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, மூன்று முகங்களையும் ஒருமுறை பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

“தம்பிகளா, துரு அடிக்கிறதெல்லாம் கை தேர்ந்தவன் வேலை. புதுசா செய்றவன் அடிச்சா, கப்பல் சாக்கடையில விழுந்த மாதிரி ஆயிரும். முதல்ல ஒரு பத்துத் தப்பாவது பண்ணுங்க. அதுக்கப்புறம் இந்தப் பாட்டிலைத் திறங்க.”

பாவம், நல்லதைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. தப்புகளை எண்ணும் பொறுப்பு கஸ்பாருக்கு. ஒரு தப்புக்கு ஒரு விரல் மடக்குவது என்று ஏற்பாடு. முதல் தப்பு தேடாமலே கிடைத்தது. ஒட்டிய பாகத்தை ஒரு நாள் காயவிட வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இஞ்ஞாசி யோசித்தான்.

“நிஜக் கப்பல்ல முந்நூத்தி அம்பதுல ஒரு பங்குதான் இது. அப்ப நாளும் முந்நூத்தி அம்பதுல ஒரு பங்குதான?”

கணக்குப் போட்டதில் நாலு நிமிஷம் வந்தது. நாலு நிமிஷம் கழித்துத் தூக்கினார்கள். கப்பல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ரெமியின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. கஸ்பார் சந்தோஷமாக வலது கட்டைவிரலை மடக்கினான். சட்டையிலிருந்து அந்தப் பாதியைப் பிய்த்து, மறுபடி ஒட்டி, இந்தத் தடவை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டார்கள்.

இப்படி ஒவ்வொன்றாய்த் தப்பு வரக் காத்திருந்தால் கொடி ஏறிவிடும் என்று ரெமிக்குப் பயம். நங்கூரத்தை எடுத்துக் கொடிமரத்தின் உச்சியில் ஒட்டினான். கஸ்பார் இரண்டாவது விரலை மடக்கப் போனபோது இஞ்ஞாசி தடுத்தான்.

“இருல. இவன் நங்கூரத்தைத் தப்பான இடத்துல ஒட்டணும்னு நினைச்சானா?”

“ஆமா.”

“நினைச்ச இடத்துலயே ஒட்டிட்டானா?”

“ஒட்டிட்டான்.”

“அப்ப சரியாத்தான பண்ணியிருக்கான்! இது எப்படித் தப்பாகும்?”

நியாயமான பேச்சு என்று கஸ்பார் விரலை நீட்டியே வைத்துக்கொண்டான். நங்கூரத்தைப் பிடுங்கி, இந்தத் தடவை புகைபோக்கிக்குள் ஒட்டப் போனான் ரெமி. கை வழுக்கி, அது போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

“தப்புப் பண்ணப் போயி சரியாப் பண்ணிட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

“அதுதாம்ல தப்பு!” என்று குதித்தான் இஞ்ஞாசி. விரல் மடங்கியது.

வழி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பாகத்தையும் தப்பாக ஒட்ட மெனக்கெடுவான் ரெமி, கை வழுக்கும், அது சரியான இடத்தில் போய் ஒட்டும். கஸ்பாரின் வலது கை மூடிவிட்டது, இடது கையும் பாதிக்கு மேல் மூடிவிட்டது. இஞ்ஞாசிதான் அவனுக்குச் சோறு ஊட்டினான். கடைசியில் இடது சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தபோது பாகங்கள் தீர்ந்துபோயின. கப்பல் அப்படியே அச்சு அசலாக நின்றது. தப்பு மட்டும் ஒன்று குறைந்தது.

மறுநாள் கொடியேற்றம். வேறு வழியில்லாமல் கப்பலையும் திறக்காத பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மச்சாது வீட்டுக்குப் போனார்கள். ரெமியின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மச்சாது வாக்குத் தவறாதவர். இறந்துபோன மனைவியின் தாலிச் சங்கிலியை மகளுக்கென்று பீரோவிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்தார். கப்பலைக் கையில் வாங்க வேண்டும், கண்ணாடியும் போட வேண்டும். சும்மா நின்ற கஸ்பாரிடம் சங்கிலியை நீட்டினார். அவன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான்.

கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மச்சாது. முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

“துரு எங்கல?”

“பாட்டில்ல இருக்கு மாமா. இன்னும் ஒரு தப்பு பாக்கி. அதான் அடிக்கலை.”

விவரம் கேட்டதும் அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “இந்தக் கிறுக்கனுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்? வெளிய போங்கல!”

உள்ளேயிருந்து ஜெசிந்தா வந்தாள். “அப்பா, பூசிட்டுப் பத்து ஆயிட்டுன்னு சொல்லியிருந்தா உங்களுக்குத் தெரியவா போவுது? பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நான் இவரைத்தான் கட்டுவேன்.”

“மகளே, நீ பெரிய தப்புப் பண்ணுத!”

“பத்து!” என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். கஸ்பார் சுண்டுவிரலையும் மடக்கினான். சங்கிலியின் நடுப்பாகம் தாலியோடு கைக்குள் போயிற்று.

இஞ்ஞாசிக்கு மட்டும் சந்தேகம். “தப்புப் பண்ணது அவுங்க. நம்ம கணக்குல எப்படி வரும்?”

“பெஞ்சாதி தப்பு புருஷன் தப்புதாம்ல,” என்றான் ரெமி. “கட்டிக்கிட்டா வந்துரும்.”

சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து பூசினான். சாயம் வழிந்தது. கப்பல் மீரான் பாய் சொன்ன மாதிரியேதான் ஆயிற்று.

மச்சாது அதை எடுத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“சாக்கடையில விழுந்த மாதிரி இருக்குல,” என்றார். “எங்க கப்பலும் இப்படியேதான் இருந்துச்சு.”

கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊரே கோயிலில் கூடியது. சாமியார் தாலியைக் கேட்டார். எல்லாரும் கஸ்பாரின் இடது கையைப் பார்த்தார்கள்.

“விரலைத் திறல,” என்றார் மச்சாது.

“எப்படி மாமா திறக்க? திறந்தா தப்பு போயிரும். தப்பு போனா துரு அடிச்சது செல்லாது. துரு செல்லலைன்னா கல்யாணமே செல்லாதே!”

மச்சாது சாமியாரைப் பார்த்தார். சாமியார் மாதாவைப் பார்த்தார். நல்லவேளையாக, கொக்கி மாட்டாத சங்கிலியின் இரண்டு முனைகளும் கைமுட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. ரெமி அந்த முனைகளைப் பிடித்து, ஜெசிந்தாவின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், ஆண்டவனை வேண்டிக்கொண்டு கொக்கியை மாட்டினான்.

அந்தக் கல்யாணப் போட்டோ இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மாப்பிள்ளை சிரிக்கிறான், பொண்ணு சிரிக்கிறாள். தாலி இருக்க வேண்டிய இடத்தில் கஸ்பாரின் கைமுட்டி இருக்கிறது. நடுவில் கஸ்பாரும் சிரிக்கிறான்.